கஞ்சியில் நனைத்த சிட்டம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை புள்ளிகள். தெருவில் விரித்திருந்த வெள்ளைப் பாவின் மேல், கடுகைவிடச் சிறியவையாக, டீத்தண்ணி நிறத்தில் இருந்தன. கிழக்குக் கோடியில் நெருக்கமாக இருந்தவை மேற்கே வர வரக் குறைந்தன. டார்ச் வெளிச்சத்தில் நூலின் நிழல் என்றுதான் நினைத்தேன். தொட்டபோது விரலில் ஒட்டியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தை முதல் வாரம். நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தேன். அந்தத் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். விடிவதற்கு முன்பே தெரு வேலைக்கு வந்துவிடும். சேலைக்குரிய நீள நூல்கள்தான் பாவு. அவற்றைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியில் நனைத்து, இழை இழையாகப் பிரித்துத் தேய்த்து உலர்த்துவார்கள். கஞ்சி ஏறினால்தான் தறியில் நூல் அறாது. வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து நூல் மொடமொடத்துவிடும். அதனால் பாவு வேலை முழுவதும் விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் சுடுவதற்குள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என்னை எழுப்பிக் கூட்டி வந்தவர் கிழக்குக் கோடியில் குடியிருந்த அம்மாள். ஐம்பது வயது இருக்கும். தெருவே அவரைக் கடைசி வீட்டக்கா என்று கூப்பிட்டது. கஞ்சியின் பதம் சொல்வதில் அவர் சொன்னதுதான் முடிவு.

“பேப்பர்காரரே, மோந்து பாருங்க” என்று ஒரு இழையை என் மூக்கருகே கொண்டுவந்தார்.

“புளிச்ச வாடை. கொஞ்சம் புகை.”

“கொஞ்சமா? என் மூக்குக்குள்ள ஒரு கரிமூட்டமே போட்டு வச்சிருக்காக. ஒரு வாரமா இதே பாடு. இந்த நூல வச்சு நான் சேல நெய்யவா, இல்ல அடுப்புக் கரித்துணி நெய்யவா?”

புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. திருச்சுழி சாலையில் சைக்கிளில் ஏழெட்டு நிமிடம் போனால் கரித் தொழிற்சாலை ஒன்று வரும்.

அந்தப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குவதுதான் வழக்கம். அதைத்தான் மூட்டம் என்பார்கள். இந்தத் தொழிற்சாலையில் மண்ணுக்குப் பதில் மூன்று இரும்பு உலைகள். மூடி போட்டு இறுக்கிய பெரிய உருளைகள். உள்ளே விறகு, வெளியே நெருப்பு. காற்றுப் படாமல் வேகும் விறகிலிருந்து நீராவி, புளித்த நீர், தார் எல்லாம் கலந்த ஒரு கனத்த மஞ்சள் புகை வரும். அதை ஒரு குட்டையான குழாய் வழியே வெளியே விட்டிருந்தார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது முந்தின ஆடி மாதத்தில். ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அந்தக் காற்றில் நின்று பார்த்த முதலாளிக்கு, புகை ஊரை விட்டு விலகிக் கிழக்கே காட்டுக்குள் போவது தெரிந்தது. பிறகு ஐப்பசியில் காற்று திரும்பியது. மழை இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மார்கழிக் கடைசியில் காற்று செத்துப் பனி இறங்கியது. புகை மேலே போக முடியாமல் தரையோடு ஊர்ந்து தெருவுக்குள் வந்தது. வந்த நேரம் பாவு விரித்த நேரம்.

தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். செய்திக்காக நானும் போயிருந்தேன். முதலாளி பேசியதில் குறிப்பெடுக்க ஒன்றும் இல்லை. மூடிவிடலாம் என்று தாசில்தார் பேனாவை எடுத்தபோது, சுவரோரம் நின்றிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். காக்கிச் சட்டை, இடது பைக்குள் ஒரு இரும்பு ஸ்கேல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. தொழிற்சாலையின் ஃபிட்டர்.

“ஐயா, நாப்பத்தஞ்சு நாளு குடுங்க. புகைய நான் கழுவித் தாரேன்.”

“புகையக் கழுவுறதா?” என்றார் தாசில்தார்.

“குளுர வச்சாப் போதும்யா. சூடா இருக்கறப்பத்தேன் தாரு புகையோட புகையா ஓடுது. குளுந்துருச்சுன்னா தண்ணியாக் கீழ எறங்கிரும். அதுக்குப் பேரு கண்டென்சர். நான் வடக்க எண்ணெ பேக்டரில பதினோரு வருசம் அதத்தேன் பாத்தேன்.”

“செஞ்சும் நிக்கலேன்னா?”

“கடைசி மூணு நாளு காலையில மூணு உலையும் எரியட்டும். இவுக நூல்ல ஒரு புள்ளி விழுந்தாலும் நானே பூட்டுப் போட்டுச் சாவிய உங்க மேசையில வைக்கேன்.”

தாசில்தார் அதை அப்படியே நிபந்தனையாக எழுதினார். அதுவரை ஓர் உலை மட்டும், பகலில் மட்டும், சோதனைக்காக எரியலாம். விடிகாலையில் எரிக்க வேண்டுமானால் தெருவுக்கு முதல் நாளே சொல்லி, பாவு விரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் ஃபிட்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். முதலாளியே உறுதி தராத இடத்தில் ஒரு ஃபிட்டர் வாக்குக் கொடுத்தது எனக்குச் செய்தியாகப் பட்டது. அவர் பையிலிருந்து மடித்த உள்நாட்டுத் தபால் ஒன்றை எடுத்துக் காட்டினார். வடக்கே வேலை பார்த்த அதே தொழிற்சாலை. மாசி முடிவதற்குள் வந்தால் பழைய வேலை உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

“பெரிய மக பொறந்தப்ப நான் இல்ல. சின்னவ பொறந்தப்பவும் இல்ல. இப்ப அஞ்சு மாசமா நம்ம ஊரு பாலவனத்தத்துல வீட்டுச் சோறு திங்கேன். இந்தக் கம்பெனி மூடுனா திரும்ப டிரங்குப் பொட்டியத் தூக்கிட்டு ரயிலேறணும். இங்கன வேற யாரு எனக்கு வேல தாரா?”

அதன் பிறகு நான் அந்தத் தொழிற்சாலைக்குப் பல முறை போனேன். செய்திக்காகப் போனது இரண்டு முறைதான். மற்றது அவர் வேலை செய்வதைப் பார்க்க.

முதலில் முதலாளி மதுரையிலிருந்து ஒரு பொறியாளரை வைத்து வரைபடம் போட்டு வாங்கினார். நல்ல வரைபடம். ஒரு பெரிய உருளைக்குள் வரிசையாகக் குழாய்கள். குழாய்க்குள் புகை, குழாயைச் சுற்றிலும் ஓடும் தண்ணீர். ஃபிட்டர் அதைப் பதினைந்தே நாளில் கட்டி முடித்தார். முதல் நாள் புகைவாயிலிலிருந்து வந்த புகை மெலிந்து, அடியில் வைத்த பீப்பாயில் கறுப்புத் திரவம் சொட்டியது. ஆறாம் நாள் புகை பழையபடி மஞ்சளாகவும் கனமாகவும் வந்தது.

அவர் உருளையை அவிழ்த்து ஒரு குழாயை உருவினார். வெளிப்புறம் முழுவதும் நகக்கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. சூடான இரும்பில் பட்டதும் உப்பும் சுண்ணாம்பும் ஒட்டி உறைந்துவிட்டன. அந்தப் பொருக்கு குழாய்க்குப் போர்வை மாதிரி. சூடு வெளியேற வழி இல்லை. தவிர, கிணற்றிலும் தண்ணீர் பாதியாகியிருந்தது.

“படம் போட்டவரு குத்தமில்ல” என்றார். ஸ்கேலின் முனையால் பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “அவுக ஊருல தண்ணி இருக்கும். படத்துல ‘தண்ணீர்’னு எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருக்காக. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்ன தண்ணின்னு நாந்தேன் கேட்டிருக்கணும்.”

உலைக்கு விறகு தள்ளுகிறவர் பக்கத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வயது.

“ஏலே, அப்ப பெட்டி கட்டிர வேண்டியதுதேன?”

“ஒம் பீடிப் புகைய முதல்ல கட்டுலே. அதுக்கே ஒரு கண்டென்சர் வேணும்.”

அன்று மதியம் திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு விறகு லாரி வந்தது. லோடு இறங்கும்வரை டிரைவர் முன்பக்கக் கண்ணாடி ஓரத்தில் தொங்கிய கித்தான் பையிலிருந்து தண்ணீர் குடித்தார். அந்தக் காலத்து லாரிகளில் அந்தப் பை இல்லாமல் இருக்காது. தடித்த துணி, வெளியே கசிந்து எப்போதும் ஈரம், வெயிலில் தொங்கினாலும் உள்ளே பல் கூசும் குளிர். ஃபிட்டர் டிரைவரிடம் பையை வாங்கி, குடிக்காமல், பையின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார். பையின் அடிப்பகுதித் துணியில் உப்பு பூத்திருந்தது. உள்ளங்கையால் தட்டினார். உதிர்ந்தது.

“குடிக்கப் போறீகளா, இல்ல அதுக்கு நாடி பாக்கீகளா?” என்றார் டிரைவர்.

இரண்டாவது கண்டென்சர் அந்தப் பையிலிருந்துதான் வந்தது. அதில் தண்ணீர் ஓடவில்லை. புகை போகும் இருபத்து நான்கு நேர்க்குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் பழைய சாக்கைச் சுற்றினார். மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து சாக்குகளின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மற்ற வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது. அந்தப் பூமியில் பகல் காற்றில் ஈரமே இருக்காது. சாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகும் வேகத்தில் குழாயின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பனி இறங்கும் விடிகாலையில் காற்றின் குளிரே அதைச் செய்யும். ஓடும் தண்ணீருக்குத் தேவைப்பட்டதில் சிறு பங்கு தண்ணீர்தான் இதற்குச் செலவானது. உப்பு சாக்கில்தான் பூக்கும். சாக்கை உருவி உதறலாம், கிழிந்தால் வேறு சாக்கு. கரிக் கம்பெனியில் சாக்குக்குப் பஞ்சமில்லை. பதினைந்து பெண்கள் மல்லாங்கிணறு பக்கமிருந்து வந்து கரியைப் பொறுக்கிச் சாக்கில் அடைக்கிற வேலை செய்தார்கள். அவர்கள் இந்தக் கண்டென்சருக்குச் சாக்குப் பொட்டி என்று பெயர் வைத்தார்கள்.

சாக்குப் பெட்டிக்கு முன்னால் இன்னொரு சின்ன அடுக்கு இருந்தது. உலையிலிருந்து வரும் புகை அப்போதுதான் கொதித்து வரும். அந்தச் சூட்டில் சாக்கு கருகிவிடும். அதனால் முதலில் வெறும் குழாய்கள் வழியே விட்டு, அந்தக் குழாய்களின் மேல் ஒரு ஊதுவிசிறியால் வெளிக்காற்றை அடித்தார். குழாயைத் தொட்டுச் சூடான அந்தச் சுத்தமான காற்று தகரக் கொட்டகைக்குள் போய், அங்கே அடுக்கியிருந்த ஈர விறகைக் காய வைத்தது. ஈரம் குறைந்த விறகில் புகையும் குறைந்தது. இதை அவராக எனக்குச் சொல்லவில்லை. கொட்டகைக்குள் நின்றபோது வியர்த்ததால் கேட்டேன்.

வளைந்த குழாய் ஒன்றுகூட அவர் வைக்கவில்லை. எல்லாம் நேர். மேலும் கீழும் போல்ட் போட்ட தட்டுகள். தட்டைக் கழற்றினால் ஒரு முனையிலிருந்து பார்த்து மறுமுனையில் வெளிச்சம் தெரிய வேண்டும். தார் அடைத்தால் ஒரு கம்பியின் நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தள்ளிவிடலாம். வரைபடத்தில் இருந்ததைவிடப் பார்க்க மொட்டையாக இருந்தது.

“வளைச்சா அழகா இருக்கும். யாரு கழுவுறது? நான் ஒரு நாளு லீவு போட்டாலும் இந்தப் பொம்பளைக கழுவுற மாதிரி இருக்கணும்.”

முப்பத்து மூன்றாம் நாள் விடிகாலை, தெருவுக்குச் சொல்லிவிட்டு, முதல் சோதனை. நூல் கடையிலிருந்து வெளுத்த நூல் சிட்டம் ஒன்றை, சுற்றிக் கட்டிய ஒரு நூற்கற்றையை, வாங்கிவந்து, புகைவாயிலின் மேற்கே காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு கம்பில் தொங்கவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது சிட்டம் வெள்ளையாக இருந்தது. வாயிலில் மஞ்சள் இல்லை. மங்கலாக ஒரு நீல இழைதான் இருந்தது. நான் கையை நீட்டிப் பார்த்தேன். வீட்டு அறைக்குள் இருக்கிற காற்றின் சூடுதான் இருந்தது. முதலாளி எல்லாருக்கும் டீயும் காராச்சேவும் வாங்கிக் கொடுத்தார். நான் மதியமே செய்தி அனுப்பினேன். மறுநாள் இரண்டு பத்தியில் வந்தது. ‘கரி ஆலைப் புகைக்குத் தீர்வு’ என்பது தலைப்பு.

காலையில் கடைசி வீட்டக்கா அந்த நாளிதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

“பேப்பர்காரரே, நூலத் தொங்கவிட்டீகளே, கஞ்சியில நனச்சா, இல்ல காஞ்ச நூலா?”

“காய்ந்த நூல்தான்.”

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“காஞ்ச நூல்ல என்னத்தய்யா ஒட்டும்? ரோட்டுல கஞ்சி இல்லாம வெறும் நூலயா விரிக்கோம்? கஞ்சி போட்ட நூலு பச்சப் புள்ள மாதிரி. எது வந்தாலும் வாய்க்குள்ள போட்டுக்கிரும். நாலு ஆம்பளைக நின்னு பாத்திருக்கீக, ஒருத்தருக்குத் தோணலயே.”

அவர் சொன்னது சரி. நான் அதே தெருவில் குடியிருந்தேன். தினமும் கஞ்சி வாசனையில் எழுந்தேன். செய்தி அனுப்பும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் விடிகாலை அவரே ஒரு சிட்டத்தைத் தன் வீட்டுக் கஞ்சியில் முக்கி, பிழிந்து, வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு என்னுடன் தொழிற்சாலைக்கு வந்தார். ஃபிட்டர் கம்பில் அதைக் கட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் சிட்டத்தின் காற்றுப் பார்த்த பக்கம் முழுவதும் புள்ளி. முன்பைவிடச் சிறியவை. ஆனால் இருந்தன.

அந்த இடத்தில் நான் ஃபிட்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். கோபமோ, வெட்கமோ வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிட்டத்தைக் கம்பிலிருந்து அவிழ்த்து, கரி பொறுக்கும் இடத்தில் வெயில் படும் பக்கமாகக் கொண்டுபோய், தரையில் குந்தி, இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். மேல் அடுக்கில் புள்ளி. உள்ளே இரண்டாவது அடுக்கில் மிகக் குறைவு. நடுவில் ஒன்றுமில்லை.

“அக்கா, இது எத்தன இழை கனம்?”

“ஒரு விரல் கனம் இருக்கும். எதுக்கு?”

“ரெண்டாவது இழையிலயே நின்னு போச்சு, பாருங்க.”

“நின்னதுதேன் தெரியுதே. அதத்தேன நானும் சொல்லுதேன்.”

“இல்லக்கா. நிறுத்திப்புட்டுச்சுன்னு சொல்றேன். உங்க நூலு.”

பிறகு எனக்கு விளக்கினார். புகை குளிர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. தார் ஆவியாக இல்லை, துளியாகிவிட்டது. பெரிய துளிகள் குழாயில் வழிந்து பீப்பாய்க்குப் போய்விட்டன. பனித்துளியைவிடப் பொடியானவை விழுவதற்குக் கனம் இல்லாமல் காற்றோடு வெளியே போகின்றன. நாங்கள் பார்த்த நீல இழை அதுதான். காய்ந்த நூலை உரசிக்கொண்டு போகிற அந்தத் துளி ஈர நூலில் பிடிபடுகிறது. தெருவில் பிடிப்பதை இங்கேயே பிடித்துவிட்டால் தெருவுக்குப் போக எதுவும் இருக்காது.

“வேஸ்ட்டு நூலு கெடைக்குமாக்கா? கஞ்சி வேணாம், தண்ணியில நனச்சாப் போதும்.”

அக்கா வாளியில் மிச்சமிருந்த கஞ்சியைத் தரையில் கவிழ்த்தார். கம்பெனியை மூட வேண்டும் என்று மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். ஃபிட்டருக்கு மீதி இருந்தது பத்து நாள்.

“அறுந்த நூலு, சிக்கு நூலு, எல்லா வீட்டுலயும் மூட்ட மூட்டையாக் கெடக்கு” என்றார் கடைசியில். “எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, தம்பி. சோதனைக்குக் கஞ்சி என் வீட்டுக் கஞ்சிதேன். நாந்தேன் காச்சுவேன்.”

“கெட்டியாக் காச்சுவீகளோ?”

“அது என் கையில இருக்கு.”

சாக்குப் பெட்டிக்கும் புகைவாயிலுக்கும் நடுவே ஒரு ஆள் உயரத் தகரப் பெட்டி வந்தது. உள்ளே மூன்று கம்பிவலைத் தட்டுகள். தட்டுகளில் நனைத்த கழிவு நூல். முதல் நாள் ஃபிட்டர் நூலைத் திணித்துத் திணித்து அடைத்திருந்தார். புகை போக வழியில்லாமல் திரும்பி, உலை மூடியின் ஓரமெல்லாம் பீறிட்டது. விறகு தள்ளுகிறவர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

“ஏலே, புகையக் கழுவச் சொன்னா என்னயக் கழுவுறியே!”

கரி அடைக்கும் பெண்களில் ஒருவர் தட்டை வெளியே இழுத்து, நூலை அள்ளி, உதறி, தலையணைப் பஞ்சு போடுவது மாதிரிப் பொத்தென்று போட்டார். “அமுக்காதீகண்ணே. புகையும் மூச்சு விடணும்ல.” அதற்குப் பிறகு தட்டு நிரப்பும் வேலை பெண்களுடையதாயிற்று. இரண்டு நாளைக்கு ஒரு முறை கறுத்த நூலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். தார் ஊறிய பழைய நூல் உலைக்கு அடியில் நெருப்பாகப் போயிற்று. விறகைவிட நன்றாக எரிந்தது. பீப்பாயில் சேர்ந்த தாரைக் காட்டுக்காரர்கள் வேலிக்கால்களின் அடியில் பூச வாங்கிப் போனார்கள். கரையான் அண்டாது. வெளியே போக வேண்டிய அழுக்கில் ஒரு பகுதி வேலியில் நின்றது, ஒரு பகுதி அடுப்புக்குத் திரும்பியது. ஃபிட்டருடைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நாற்பத்து மூன்றாம் நாள் மூன்று உலைகளும் எரிந்தன. கஞ்சிச் சிட்டம் சுவரோரம் தொங்கியது. தாசில்தார் ஒரு வருவாய் ஆய்வாளரை அனுப்பியிருந்தார். புள்ளி இல்லை. நாற்பத்து நான்காம் நாளும் இல்லை. கடைசி வீட்டக்கா இரண்டு நாளும் சிட்டத்தை மோந்து பார்த்தார்.

இரண்டாம் நாள் கிளம்பும்போது ஃபிட்டரிடம் சொன்னார்: “நாளைக்குச் சிட்டம் வேணாம்.”

“ஏங்கக்கா?”

“என் பாவ விரிக்கேன். தெருவுல. எப்பயும் விரிக்கிற எடத்துல. சிட்டம் உங்க சோதனைக்கு. எனக்கு என் பாவு.”

ஒரு பாவு என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் வேலை. அதில் புள்ளி விழுந்தால் வெளுத்து எடுக்க முடியாது. அவர் வீட்டுக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லித் தடுத்துப் பார்த்தார். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. அன்று இரவு ஃபிட்டர் வீட்டுக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. தட்டுகளை ஒருமுறை மாற்றி, சாக்குகளை உதறி, குழாய்த் தட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார்.

நாற்பத்து ஐந்தாம் நாள் விடியலில் அந்த மாதத்திலேயே மோசமான பனி. காற்று அசையவில்லை. தெருக்கோடி விளக்கு மஞ்சள் உருண்டையாகத் தெரிந்தது. புகை தரையோடு வர இதைவிட ஏற்ற நாள் இருக்க முடியாது. ஐந்து பத்துக்குப் பாவு விரித்தாயிற்று. ஐந்து இருபதுக்குக் கஞ்சி ஏறியது. தெருவில் வேறு எந்த வீடும் பாவு விரிக்கவில்லை. எல்லாரும் வாசலில் நின்று அந்த ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள்.

ஐந்து நாற்பதுக்குத் தாசில்தாரே ஜீப்பில் வந்து இறங்கினார். ஃபிட்டர் தொழிற்சாலையிலிருந்து சைக்கிளில் வந்து தெருமுனையில் நின்றார். பாவுக்கு அருகில் வரவில்லை. கையில் தொழிற்சாலையின் பூட்டும் சாவியும் இருந்தன. சொன்னபடி கொண்டுவந்திருந்தார்.

கடைசி வீட்டக்கா கிழக்கு நுனியிலிருந்து மேற்கே பாவோடு நடந்தார். நடந்தபடியே விரல் நுனியை இழைகளின் மேல் ஓட்டினார். மேற்கு நுனியில் திரும்பி, மறுபக்கமாக அதே வேகத்தில் திரும்பி வந்தார். விரலை மோந்து பார்த்தார். பிறகு டார்ச்சை வாங்கிக் கிழக்கு நுனியில் குனிந்தார். ஆறு மணி அடித்தது. ஆறரைக்கு வெளுத்துவிட்டது. டார்ச் தேவைப்படவில்லை.

“என்னம்மா?” என்றார் தாசில்தார்.

“கஞ்சி கொஞ்சம் கெட்டியாப் போச்சு” என்றார் அவர். “வேற ஒண்ணுமில்ல.”

“எழுதலாமா?”

“எழுதுங்க. அதோட இதையும் எழுதுங்க. தட்டுல நூலு மாத்துறத ஒரு நாளு மறந்தாலும் நான் வாளியத் தூக்கிட்டு வந்துருவேன்.” பிறகு தெருமுனையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தம்பி, அங்கன என்ன, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி நிக்கீக? வந்து பாருங்க.”

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். பாவைத் தொடவில்லை. கையில் கிரீஸ் இருந்தது. குனிந்து, தலையைச் சாய்த்து, இழைகளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, குழாய்க்குள் பார்க்கிற மாதிரி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தார்.

“நேரா இருக்கு” என்றார்.

“பின்ன? நாங்க இழுத்துக் கட்டுறது” என்றார் அக்கா.

தாசில்தார் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். நான் இந்த முறை செய்தியை மறுநாள்தான் அனுப்பினேன். ஒரு பத்தியில் வந்தது. கஞ்சியில் நனைத்த நூல் என்று அதில் இருந்தது.

தாசில்தார் கையெழுத்திட்ட அன்று மாலை பேருந்து நிலையத்தில் ஃபிட்டரைப் பார்த்தேன். காக்கிச் சட்டையை மாற்றியிருந்தார். சட்டைப் பையில் ஸ்கேல் இருந்தது. மடித்த தபாலும் இருந்தது. ஆறு பத்துக்கு விருதுநகர் பஸ் வந்தது. வடக்கே ரயிலேறப் போகிறவர்களுக்கும் அதே பஸ்தான். கண்டக்டரிடம் பாலவனத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.